துடிக்கும் விண்மீனும் தனி ஊசலும்



உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையைச் செய்திருப்பீர்கள். செய்யாதவர்கள் விரைவில் செய்வீர்கள். ஒரு நூல், அதன் முனையில் ஓர் உலோகக் குண்டு, கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். வேறொன்றும் தேவையில்லை. நூலின் நீளத்தை 100 செ.மீ. என வைத்துக்கொண்டு, குண்டைச் சற்றே இழுத்து விடுகிறோம். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளக்கிறோம்.

நேரம் 40.6 வினாடி என்று வருகிறது. அதாவது ஓர் அலைவுக்கு 2.03 வினாடி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.58 என்று வருகிறது. புத்தகத்தில் இருப்பதோ 9.8! உடனே என்ன செய்கிறோம்? பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கிறோம். பிறகு ரப்பரை எடுத்து 40.6 என்பதை அழித்துவிட்டு 40.1 என்று எழுதுகிறோம். விடை 9.82 என்று அழகாக வந்துவிடுகிறது. ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் ஒரு 'சரி' விழுகிறது.

பள்ளி நாட்களில் நானும் இப்படிச் செய்தவன்தான். ஆகவே உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பழக்கம் தவறு, அதை விட்டுவிட வேண்டும் என்று வாதாடவே இதை எழுதுகிறேன். 'பொய் சொல்லக் கூடாது' என்ற நீதிபோதனை வகுப்போடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. அளவைத் திருத்தும்போது நாம் ஓர் உண்மையை ரப்பரால் அழித்துவிடுகிறோம். அந்த உண்மை என்னவென்று நமக்கே தெரியாமல் போய்விடுகிறது. இதற்குச் சாட்சி சொல்ல நான் அழைத்து வருவது விண்மீன்களை.

தட்டிப் பார்த்து அறிதல்

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி என்ன செய்கிறாள்? விரலை மடக்கிப் பானையைத் தட்டிப் பார்க்கிறாள். 'ணங்' என்றால் நல்ல பானை. 'டப்' என்றால் எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அதிர்வு காட்டிக் கொடுத்துவிடுகிறது. உங்கள் ஊசலும் அப்படித்தான். பூமியைத் தோண்டாமலே அதன் ஈர்ப்பு எவ்வளவு என்பதை அலைவு நேரம் சொல்லிவிடுகிறது.

விண்மீனை யாரும் தட்ட முடியாது. ஆனால் சில விண்மீன்கள் தாமாகவே துடிக்கின்றன. விரிந்து சுருங்கி, மீண்டும் விரிந்து சுருங்குகின்றன. அப்போது அவற்றின் ஒளி கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பின் நேரத்தை அளந்தே அவற்றின் உட்புறத்தை அறிகிறோம்.

இங்கிலாந்தில் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் இருந்தார். சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். 1784-ஆம் ஆண்டில், தமது 20-ஆவது வயதில், டெல்டா செபீ என்ற விண்மீனின் ஒளி சீராக ஏறி இறங்குவதைக் கண்டார். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 நாள் 9 மணி நேரம். இரவுக்கு இரவு பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டதுதான் அவர் செய்த வேலை. 21 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். ஆயினும் அவர் கண்ட விண்மீனின் பெயரால், அந்த வகை விண்மீன்கள் அனைத்தும் இன்று 'செபீட்' என்று அழைக்கப்படுகின்றன.

விண்மீன் ஏன் துடிக்கிறது?

முதலில், இவை ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் என்றே பலர் எண்ணினர். 1914-இல் ஹார்லோ ஷேப்லி என்ற அமெரிக்க வானியலார் அதை மறுத்தார். இரட்டை என்று கொண்டு கணக்கிட்டால், துணை விண்மீனின் பாதை பெரிய விண்மீனுக்கு உள்ளேயே அமைந்துவிடும்! அது நடக்கக்கூடியதா? எனவே ஒரே விண்மீன்தான் துடிக்கிறது என்றார். இங்கிலாந்தின் ஆர்தர் எடிங்டன் 1918-லிருந்து இதற்குக் கணித அடிப்படை தந்தார்.

துடிப்பு ஓயாமல் நடப்பது எப்படி? வீட்டிலுள்ள பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நீராவி அடைபட்டு அழுத்தம் கூடுகிறது. மேலுள்ள குண்டு எழும்புகிறது. நீராவி வெளியேறியதும் குண்டு மீண்டும் இறங்கி அடைத்துக்கொள்கிறது. விண்மீனிலும் இது போன்ற ஓர் அடைப்பான் உண்டு. மேற்பரப்புக்குக் கீழே, சுமார் 40,000 டிகிரி வெப்பமுள்ள ஓர் அடுக்கில், ஹீலியம் அணுக்கள் தம் இரண்டாவது எலக்ட்ரானை இழக்கும் நிலையில் இருக்கின்றன. விண்மீன் சுருங்கும்போது இந்த அடுக்கு ஒளியை மேலும் தடுக்கிறது. உள்ளிருந்து வரும் வெப்பம் அடைபட்டு, அடுக்கை வெளியே தள்ளுகிறது. விண்மீன் விரிகிறது. விரிந்ததும் தடை குறைந்து வெப்பம் தப்பிச் செல்கிறது. விண்மீன் மீண்டும் சுருங்குகிறது. ஹீலியத்தின் இந்தப் பங்கை 1953-இல் எடுத்துக்காட்டியவர் சோவியத் விஞ்ஞானி செவாகின்.

நீங்களே போடக்கூடிய ஒரு கணக்கு

துடிப்பு நேரத்துக்கும் விண்மீனின் சராசரி அடர்த்திக்கும் ஓர் எளிய தொடர்பு உண்டு. அடர்த்தி குறையக் குறையத் துடிப்பு நேரம் நீள்கிறது. சரியாகச் சொன்னால், அடர்த்தி துடிப்பு நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் இருக்கிறது.

நமது சூரியன் முழு உருண்டையாக விரிந்து சுருங்கினால், ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுள்ளனர். டெல்டா செபீக்கு ஆவதோ 5 நாள் 9 மணி, அதாவது 129 மணி. 129-இன் வர்க்கம் 16,641. ஆகவே டெல்டா செபீயின் அடர்த்தி, சூரியனுடைய அடர்த்தியில் சுமார் 16,600-இல் ஒரு பங்கு. சூரியனின் சராசரி அடர்த்தி, ஒரு கன செ.மீ.க்கு 1.4 கிராம். வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் விடை, நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு! வெறும் கண்ணுக்கு ஒளிப்புள்ளியாகத் தெரியும் அந்த விண்மீன் சராசரியாகக் காற்றைவிட மெலிதானது என்பதை, ஒரு நாட்காட்டியையும் பென்சிலையும் கொண்டு நாம் அறிந்துவிட்டோம். வியப்பாக இல்லையா?

கணக்கு இடித்தது

இப்போது நமது வழக்குக்கு வருவோம். 1960-களின் பிற்பகுதியில் விஞ்ஞானிகள் செபீட் விண்மீன்களின் நிறையை இரண்டு வழிகளில் கணக்கிட்டனர். விண்மீன்கள் எவ்வாறு வளர்ந்து முதிர்கின்றன என்ற கோட்பாட்டிலிருந்து, இவ்வளவு ஒளியுள்ள விண்மீனுக்கு இவ்வளவு நிறை என்று சொல்வது ஒரு வழி. துடிப்பிலிருந்து நிறையைக் கண்டுபிடிப்பது மற்றொரு வழி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? ஒத்துப்போகவில்லை. துடிப்பு காட்டிய நிறை குறைவாகவே வந்தது. சில விண்மீன்களில் பாதிக்கும் கீழே வந்தது.

சில செபீட்கள் ஒரே சமயத்தில் இரண்டு தாளங்களில் துடிக்கின்றன. அவற்றின் இரு துடிப்பு நேரங்களின் விகிதம் சுமார் 0.71. கோட்பாட்டின்படி 0.74 அளவில் இருந்திருக்க வேண்டும். வேறுபாடு 0.03 தான். ரப்பருக்கு மிகச் சிறிய வேலை! நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

வானியலார் அந்த எண்ணை அழிக்கவில்லை. 'துடிப்பு 0.71 என்கிறது, நமது கணக்கு 0.74 என்கிறது, காரணம் தெரியவில்லை' என்று ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த முரண்பாடு அப்படியே நின்றது. 1982-இல் நார்மன் சைமன் என்ற விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். விண்மீனுக்குள் இருக்கும் கனமான தனிமங்கள் ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதற்கு அட்டவணைகள் உள்ளன. எல்லோரும் அவற்றை நம்பியே கணக்கிடுகிறார்கள். அந்த அட்டவணைகளே தவறாக இருந்தால்? தடை இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக இருந்தால் முரண்பாடு தீர்ந்துவிடுமே! தயவுசெய்து மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள் என்று அணு இயற்பியலாரை அவர் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் கணக்கிட்டனர். 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இக்லேசியாஸ், ரோஜர்ஸ் ஆகிய இருவர் புதிய அட்டவணைகளை வெளியிட்டனர். பழைய கணக்குகளில், இரும்பு போன்ற தனிமங்களின் எண்ணற்ற நிறமாலைக் கோடுகள் சரிவரச் சேர்க்கப்படவில்லை என்பது தெரிந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் டிகிரி வெப்பத்தில் ஒளித்தடை உண்மையிலேயே பழைய மதிப்பைவிட இரண்டு, மூன்று மடங்காக இருந்தது. புதிய எண்களைப் போட்டவுடன் 0.71 தானாகவே வந்தது. முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்தது.

மீதி எங்கே என்கிறீர்களா? 2010-இல், நமது பால்வீதிக்கு அருகிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில், மற்றொரு விண்மீனோடு சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் ஒரு செபீட்டின் நிறையை நேரடியாக அளந்தனர். சூரியனைப் போல் 4.14 மடங்கு என்று வந்தது. துடிப்பு சொன்ன நிறையோடு அது பொருந்தியது.

யோசித்துப் பாருங்கள். எங்கோ பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் துடிக்கும் ஒரு விண்மீன், பூமியில் இருக்கும் இரும்பு அணுவைப் பற்றி நாம் போட்ட கணக்கில் பிழை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது! 1960-களில் யாரேனும் 0.71 என்பதை 0.74 என்று 'திருத்தி' இருந்தால், அந்தச் செய்தி நம்மை வந்து சேர்ந்திருக்குமா?

சூரியன்மீது விழுந்த பழி

ஒரே உதாரணம் போதாது என்பீர்கள். இன்னொன்று சொல்கிறேன். இது நேர் எதிரானது.

அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், ரேமண்ட் டேவிஸ் என்பவர் 1960-களின் இறுதியிலிருந்து சூரியனின் நியூட்ரினோத் துகள்களைப் பிடித்து எண்ணி வந்தார். கோட்பாடு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு அளவே கிடைத்தது. சோதனையில் தவறு என்றனர் சிலர். சூரியனைப் பற்றிய நமது கருத்தே தவறு என்றனர் சிலர். டேவிஸ் பல பத்தாண்டுகள் விடாமல் எண்ணினார். தாம் கண்ட எண்ணையே எழுதினார்.

இதற்கிடையே சூரியனின் துடிப்பும் ஆராயப்பட்டு வந்தது. சூரியனின் மேற்பரப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைவதை, 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் லைட்டனும் அவர் குழுவினரும் கண்டறிந்திருந்தனர். சூரியனுக்குள் ஓடும் ஒலி அலைகளின் விளைவு அது. இடைவிடாமல் கவனிக்க வேண்டுமானால் சூரியன் மறையாதிருக்க வேண்டுமே! எனவே உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரியான தொலைநோக்கிகளை அமைத்து, 1995-லிருந்து கவனிக்கலாயினர். அந்த ஆறில் ஒன்று நமது நாட்டின் உதயப்பூரில் உள்ளது. அலைகளைக் கொண்டு சூரியனுக்குள் ஒலியின் வேகத்தை ஆழம் ஆழமாகக் கணக்கிட்டபோது, கோட்பாடு சொன்னதற்கும் அதற்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடே இருந்தது. சூரியனின் மீது குற்றமில்லை!

அப்படியானால் நியூட்ரினோவில்தான் ஏதோ இருக்கிறது. 2001, 2002 ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் அதை உறுதி செய்தது. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறிவிடுகின்றன. டேவிஸின் கருவி ஒரு வகையை மட்டுமே பிடித்தது. டேவிஸின் எண்ணும் சரி, சூரியனின் துடிப்பும் சரி. இரண்டும் சரியாக இருந்ததால்தான் புதிய உண்மை வெளிப்பட்டது. 2002-இல் டேவிஸ் நோபல் பரிசு பெற்றார்.

ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள்?

'இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளுக்குச் சரி. மாணவனுக்கு 9.58 வந்தால் அது புதிய கண்டுபிடிப்பா? வெறும் தவறுதானே?' என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையிலேயே பெரும்பாலும் அது நமது தவறாகத்தான் இருக்கும். 9.58 வந்ததும் 'நம் ஊரில் ஈர்ப்பு குறைவு' என்று கூவுவது அறிவியல் ஆகாது.

ஆனால் எந்தத் தவறு? அதைத் தேடினீர்களா? நம் ஊசலுக்கே திரும்புவோம். 40.6 வினாடி சரியானால், ஊசலின் நீளம் 100 செ.மீ. அல்ல; 102 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அந்த 2 செ.மீ. எங்கே போயிற்று? நூலை மட்டும் அளந்து, கொக்கியின் நீளத்தையும் குண்டின் ஆரத்தையும் சேர்க்காமல் விட்டிருக்கலாம். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஏன் என்பதை அந்த 0.5 வினாடி உங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் காத்திருந்தது. நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள். சைமன் அட்டவணையைச் சந்தேகித்தார். நீங்கள் அளவுகோலைச் சந்தேகித்திருக்கலாம். இரண்டும் ஒரே வகை வேலைதான்.

'மதிப்பெண் போய்விடுமே' என்ற அச்சம் மாணவர்களுக்கு உண்டு. அதையும் மறுக்கவில்லை. ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரெக்கார்டு நோட்டில் 'முடிவு' என்ற வரிக்குக் கீழே 'வேறுபாடும் காரணமும்' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். 9.58 என்று எழுதிக் காரணத்தையும் கண்டுபிடித்த மாணவனுக்கு, 9.82 என்று எழுதியவனைவிடக் குறையாமல் கொடுங்கள். ரப்பருக்கு வேலை தானாகவே குறைந்துவிடும்.

திருவோணத்தின் அருகே ஒரு சோதனை

நண்பர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு வேலை. ஆவணி, புரட்டாசி மாத முன்னிரவில், வானம் தெளிவாக இருக்கும்போது திருவோணத்தைப் பாருங்கள். மூன்று விண்மீன்கள் வரிசையாக இருக்கும். நடுவில் இருப்பது மிகப் பிரகாசமானது. மூன்றில் மங்கலானது, தெற்குப் பக்கத்தில் இருப்பது. நடு விண்மீனிலிருந்து நேர் தெற்கே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் மறையும் அகலத்துக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், ஈட்டா அக்விலே என்ற விண்மீன் இருக்கிறது. இதுவும் ஒரு செபீட். குட்ரிக்கின் நண்பர் எட்வர்ட் பிகாட் 1784-இல் கண்டறிந்தது. தொலைநோக்கி வேண்டாம், வெறும் கண்ணே போதும்.

ஒவ்வொரு இரவும் அதைத் திருவோணத்தின் அந்த மங்கலான விண்மீனோடு ஒப்பிடுங்கள். இன்று அதைவிடப் பிரகாசமா, சமமா, மங்கலா? நோட்டில் குறித்து வாருங்கள். மேகம் மூடினால் 'மேகம்' என்று எழுதுங்கள். உங்கள் நண்பன் வேறுவிதமாக எழுதியிருந்தால் உங்களுடையதை மாற்றாதீர்கள். ஒரு மாதத்தில் அதன் துடிப்பு நேரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை மணியாக்கி, வர்க்கம் கண்டு, அதன் அடர்த்தியையும் சொல்லிவிடலாம்.

இது நம்மால் ஆகாத காரியமன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில் உதவியாளராக வேலை பார்த்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அதுவும் துடிக்கும் விண்மீன்தான். இன்று காணும் ஒளி முன்பு குறித்த அளவோடு ஒத்துவராதபோது, ஒத்துவரவில்லை என்றே எழுதத் துணிந்தவர்களால்தான் இத்தகைய விண்மீன்கள் அகப்பட்டன.

ஈட்டா அக்விலேயின் துடிப்பு நேரம் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியும். ஆனால் வேண்டுமென்றே அதை இங்கே எழுதவில்லை. எழுதிவிட்டால் நீங்கள் அதற்கேற்பப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்!